கடுகுச் செடி தொடர்பாகச் சம்பந்திக்குத் தன்னிலை விளக்கம்

கர்த்தருக்குள் என் பெருமதிப்பிற்கும், வரும் மாதம் முதல் என் உறவிற்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

எடையளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து, ஒரு மெமோகூட வாங்காமல் ஓய்வு பெற்ற தங்கள் வருங்காலச் சம்பந்தி தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கு நான், என் மனைவி, தங்கள் மருமகளாக வரவிருக்கும் என் மகள், அவள் வளர்க்கும் குருவிகள் எல்லோரும் சுகம். அங்கு தங்கள் சுகத்தையும், சம்பந்தியம்மாளின் சுகத்தையும், அவர்கள் வாசலில் ஆசையாக வளர்க்கும் பூந்தொட்டிகளின் சுகத்தையும் அறிய ஆவல். தங்களுக்கு முட்டிவலி வெகுவாகக் குறைந்துவிட்டது என்றும், சாப்பாட்டை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறீர்கள் என்றும், முன்பெல்லாம் தொலைக்காட்சிச் செய்தியை அதட்டிக்கொண்டிருந்த தாங்கள் இப்போது அதே செய்தியைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறீர்கள் என்றும் மாப்பிள்ளை சொன்னதாக மகள் சொன்னாள். நீதிபதி நாற்காலியில் அத்தனை வருடம் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தவருக்கு இது கர்த்தர் கொடுத்த இளைப்பாறுதல் என்று குடும்பமாக ஜெபத்தில் நன்றி சொன்னோம்.

நிற்க. கல்யாணத் தேதியைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாமா என்று தாங்கள் கேட்டதாகத் தகவல் வந்தது. தள்ளி வைப்பது என்றால் என்ன என்று ஓய்வு பெற்ற அரசு ஊழியனுக்குத் தெரியாதா? நானே எத்தனையோ கோப்புகளைத் தள்ளி வைத்திருக்கிறேன், அதில் ஒன்றுகூட என் மேசைக்குத் திரும்பி வந்ததில்லை. தங்களைக் குறை சொல்லவில்லை. செய்தித்தாளில் அந்தப் படத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். இரண்டு காவலர்களுக்கு நடுவில், தன்னைவிட உயரமான ஒரு செடியைத் தொட்டியோடு கட்டிப்பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டி நிற்பது நானேதான். ஆனால் அது குற்றவாளியின் திமிர் அல்ல. யார் கேமராவைத் தூக்கினாலும் சிரிப்பது எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். தொட்டியை நான் தூக்கியதற்குக் காரணம், ஆதாரம் கீழே விழுந்து உடைந்தால் எங்கள் தலையில் விடியும், நீங்களே தூக்குங்கள் என்று காவலர்கள் சொன்னதுதான். மற்றபடி மேலே போட்டிருந்த தலைப்பு, ‘திருச்சபைக்குள் கஞ்சாத் தோட்டம், ஓய்வு பெற்ற அதிகாரி சிக்கினார்’ என்பது, முழுக்க முழுக்க உண்மையாக இருந்தாலும் தவறான செய்தி. அது எப்படி என்பதைத்தான் கீழே விவரமாக எழுதுகிறேன். தொலைபேசி மணி அடித்தால் ஓடிப்போய் எடுக்கும் என் மகள், தங்கள் தகவல் வந்த நாளிலிருந்து மெதுவாக நடந்துபோய் எடுக்கிறாள். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி நடத்தும் ஆசிரியைக்குப் பிரசவ விடுப்பு. ஆயர் என்னைக் கூப்பிட்டு, நீங்கள்தான் சும்மா இருக்கிறீர்களே என்றார். அந்த வாரப் பாடம் கடுகளவு விசுவாசம். எத்தனை சின்ன விதை, எவ்வளவு பெரிய மரமாகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். வாயால் சொல்லி விட்டுவிடுவது என் வழக்கமில்லை. கடைக்காரன் எடைக்கல்லை எடுத்து அவன் கண்முன்னாலேயே நிறுத்துக் காட்டிப் பழகியவன் நான். ஆளுக்கொரு காகிதக் கோப்பை, அதில் மண், ஆளுக்கொரு கடுகு, தாங்களே நட்டுத் தாங்களே பார்க்கட்டும் என்று முடிவு செய்தேன். என் மனைவி பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். நானே சமையலறைக்குள் போனேன். அந்த அறையை நான் வாசலில் நின்று பார்த்ததுதான் அதிகம், இருந்தாலும் கஷ்டப்படவில்லை. அலமாரியில் வரிசையாக டப்பாக்கள், ஒவ்வொன்றின் மேலும் காகிதம் ஒட்டி அவள் கையெழுத்தில் பெயர். ‘கடுகு’ என்று குண்டு குண்டாக எழுதியிருந்ததைத் திறந்தேன். உள்ளே மஞ்சளாகத் தினை மாதிரி ஏதோ கலந்திருந்தது. பார்த்தீர்களா, நான் ஓய்வு பெற்றதும் எவ்வளவு துணிச்சலாகக் கலப்படம் செய்கிறான் என்று கடைக்காரனை மனதாரத் திட்டிக்கொண்டே, உருண்டையாக இருந்ததை மட்டும் பொறுக்கி எடுத்தேன். வழக்கத்தைவிடப் பருமனாகத்தான் இருந்தது. நல்ல ரகம் போலிருக்கிறது, பின்வரிசைப் பிள்ளைக்கும் தெரியும் என்று சந்தோஷம்தான் பட்டேன். பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பதற்காகவே அரசாங்கம் எனக்கு வாழ்நாள் முழுக்கச் சம்பளம் கொடுத்தது, சம்பந்தி. கடை கடையாகப் பார்த்தேன். வீட்டையும் சந்தேகப்பட்டால் மனுஷன் எங்கே போவான்?

முளைத்தது. எல்லாக் கோப்பையிலும் முளைத்தது. கோயில் ஜன்னலோரத்தில் வரிசையாக வைத்தோம். கடுகுச் செடி இடுப்புக்கு வந்தாலே அதிகம் என்று யாராவது சொல்லியிருக்கலாம். எங்கள் சபையில் வங்கிக்காரர் உண்டு, ஆசிரியர் உண்டு, பல் வைத்தியர் உண்டு, கடுகைச் செடியாகப் பார்த்தவர் ஒருத்தரும் இல்லை. எல்லோருக்கும் கடுகு என்றால் எண்ணெயில் வெடிப்பதுதான். ஒரு கன்று மட்டும் மற்றதையெல்லாம் தாண்டி விறுவிறுவென்று வளர்ந்து, பெரிய தொட்டிக்கு மாற்றியதும் ஜன்னல் உயரம் வந்து, அதையும் தாண்டியது. வேதத்தில் சொன்னபடியே மரமாகிறது என்று ஆயர் பிரசங்க பீடத்துக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னார். இலைக்கு ஏழு விரல் இருந்ததா, ஏழு என்பது பரிபூரணத்தின் எண் என்று ஒரு பிரசங்கம் வைத்தார். அடுத்த வாரம் தண்டைப் பற்றி, அதற்கடுத்த வாரம் வேரைப் பற்றி. அப்போது ஜன்னல் வழியாக ஒரு குருவி பறந்து வந்து, நேரே அந்தச் செடியில் உட்கார்ந்து கொத்த ஆரம்பித்தது. ஆயர் பேச்சை நிறுத்திவிட்டுக் கையை மட்டும் அந்தப் பக்கம் நீட்டினார். சபையே அழுதது. நானும் அழுதேன். செடியிலிருந்து ஒரு மாதிரி வாசனை வந்ததை ஆயர் வீட்டம்மா பரிசுத்த வாசனை என்றார். பல் வைத்தியர் மட்டும் எங்கோ எலி செத்திருக்கிறது என்று பீரோவுக்குப் பின்னால் தேடிக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த கன்றுகளைப் பெண்கள் ஐக்கியத்தார், என் மனைவியின் பொறுப்பில், சின்னத் தொட்டிகளில் வைத்து வர்ணக் காகிதம் சுற்றி, நோயாளி இருக்கும் வீடு, பரீட்சை எழுதும் பிள்ளை இருக்கும் வீடு, வேண்டப்பட்ட வீடு என்று பார்த்து விசுவாசக் கன்று என்ற பெயரில் கொடுத்துவிட்டார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தை ஞானஸ்நானம். குழந்தைக்குப் பெரியப்பா முறை வரும் ஒருவர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். அவர் போதைப்பொருள் தடுப்புப் பிரிவில் காவல் ஆய்வாளர் என்பது எங்களுக்குத் தெரியாது. கோயில் பக்கம் வந்து பல வருஷம் ஆகியிருக்கும் என்பது மட்டும் அவர் உட்கார்ந்த விதத்தில் தெரிந்தது. பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவேயில்லை மனுஷன். வைத்த கண் வாங்காமல் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆராதனை முடிந்ததும் நேரே போய் அதன் முன்னால் முழங்கால் போட்டார். இலையைத் தொட்டார், திருப்பினார், முகர்ந்தார், கண்ணை மூடிக்கொண்டார். ஆயர் அங்கியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு ஆத்துமா உடைந்துகொண்டிருக்கிறது, ஜெபத்தில் தாங்குங்கள் என்று மைக்கில் சொன்னார். பாடகர் குழு மெதுவாக ஒரு பாட்டை எடுத்தது. அந்தப் பெரியப்பா எழுந்து, சபையைத் திரும்பிப் பார்த்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

“இதை வளர்த்தது யாரு?”

இங்கேதான் சம்பந்தி நான் கொஞ்சம் வாயை மூடியிருக்கலாம். ஆயர், கர்த்தர்தான் வளர்த்தார் என்று அடக்கமாக ஆரம்பித்தார். அது எனக்குச் சுருக்கென்றது. பெண்கள் ஐக்கியத் தலைவி, தினமும் தண்ணீர் ஊற்றியது நாங்கள் என்றார். பல் வைத்தியர்கூடத் தொட்டி என்னுடையது என்று கையைத் தூக்கினார். எனக்கு வந்ததே ஆத்திரம். ஆளாளுக்குப் பேர் தட்டிக்கொண்டு போவதா என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், விதை என்னுடையது, மண் என்னுடையது, நட்டது நான், உரம் வைத்தது நான், இதில் வேறு யாருக்கும் துளிப் பங்கு கிடையாது, வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்று சபையறியச் சொன்னேன். அவரும் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். பேனாகூட அவருடையதுதான்.

காவல் நிலையத்தில் என்னை மரியாதையாகத்தான் நடத்தினார்கள், நாற்காலி போட்டார்கள். நான்தான் இருந்ததை இருந்தபடி சொல்லி என் கழுத்தை நானே நெரித்துக்கொண்டேன். விதை எங்கிருந்து வந்தது என்றார்கள், எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து என்றேன். எத்தனை நாளாக வீட்டில் புழங்குகிறது என்றார்கள், கல்யாணம் ஆன நாளிலிருந்து தினமும்தான், அது இல்லாமல் எப்படிச் சமைப்பது என்றேன். யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்றார்கள், முதலில் பிள்ளைகளுக்குத்தான், சின்ன வயதிலேயே ஆரம்பித்தால்தான் கடைசிவரை நிலைக்கும் என்றேன். பணம் வாங்கினீர்களா என்றார்கள், சேச்சே, அதெல்லாம் இலவசம், காணிக்கை அவரவர் விருப்பம் என்றேன். எழுதிக்கொண்டிருந்த காவலர் பேனாவை வைத்துவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அதற்கப்புறம்தான் ஆய்வாளர் அது என்ன செடி என்று எனக்குச் சொன்னார். நான் நம்பவில்லை. டப்பாவில் கடுகு என்று எழுதியிருக்கிறது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம்தான் இருந்தது, அதுவே எனக்கு விலங்கு மாட்டியது போல இருந்தது.

ஜாமீனில் வீட்டுக்கு வந்தேன். வந்ததும் முதல் காரியமாக என் மனைவியை உட்காரவைத்து, அந்தக் கடுகு எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டேன். எந்தக் கடுகு என்றாள். கடுகு டப்பாவில் இருந்த கடுகு என்றேன். அவள் சாதாரணமாக, அதுல குருவித் தீனி இல்ல இருக்கு என்றாள். எனக்குத் தலை சுற்றிவிட்டது. குருவித் தீனியில் அந்த விதையையும் கலப்பார்களாம், ஆய்வாளரே பிறகு சொன்னார். சரி, குருவித் தீனி ஏன் கடுகு டப்பாவில் என்றேன். அந்த டப்பாவுக்குத்தான் மூடி இறுக்கம், எறும்பு வராது என்றாள். அப்படியானால் கடுகு? சர்க்கரை டப்பாவில். சர்க்கரை? மிளகு டப்பாவில், ஏனென்றால் எனக்குச் சர்க்கரை வியாதி, சர்க்கரை என்று எழுதியிருந்தால் நான் எடுத்துவிடுவேனாம். மிளகு? தேயிலை டப்பாவில். தேயிலை? அது எப்பவும் அடுப்புப் பக்கத்திலேயே இருக்கும், அதற்கு எதுக்கு டப்பா என்றாள். எங்கள் சமையலறையில் எழுதினபடி இருந்தது ஒன்றே ஒன்றுதான், தீப்பெட்டி. ஊரெல்லாம் லேபிளைப் பார்த்து அபராதம் போட்டவன் நான், இப்படி ஒரு கடையில் என்னைக் குடிவைத்துவிட்டாரே ஆண்டவர் என்று நொந்துபோனேன். இருந்தாலும் இதுதான் உண்மை, இதைச் சொன்னால் நான் தப்பித்தேன். நீதிமன்றத்தில் வந்து இதை அப்படியே சொல் என்றேன். முடியவே முடியாது என்றுவிட்டாள். சமையலறை ஒழுங்கில்லாதவள் என்று நாலு பேர் முன்னால், அதுவும் சம்பந்தி வீட்டுக்குத் தெரியும்படி, அவளே கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டுமாம்.

“நீங்க உள்ள போனா கொஞ்ச நாள்ல வந்துடுவீங்க. இந்தப் பேரு எனக்கு வந்தா போகுமா?” என்றாள்.

இதற்குப் பதில் சட்டப் புத்தகத்தில் இருந்தால் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

எனக்காக வாதாட வந்தவர் எங்கள் பாடகர் குழுத் தலைவரின் மகன். படிப்பை முடித்துக் கறுப்புக் கோட்டின் மடிப்புகூட இன்னும் கலையாத வக்கீல் தம்பி. டப்பா கதையைச் சொன்னேன், அவருக்குப் பிடிக்கவில்லை. சின்னக் கேஸாப் போயிடும் அங்கிள் என்றார். அவர் கேட்பது மத சுதந்திரம். அதாவது, எங்கள் விசுவாசத்தில் இது புனிதச் செடி, இதை வளர்ப்பது எங்கள் வழிபாட்டு உரிமை, அரசாங்கம் தலையிட முடியாது என்று நான் சொல்ல வேண்டும். விதை தரும் செடியெல்லாம் மனிதனுக்கென்று படைப்பின் கதையிலேயே வருகிறதே என்று ஆதாரமும் எடுத்து வைத்திருந்தார். அரளிகூடத்தான் விதை தருகிறது தம்பி, பறித்துத் தரட்டுமா, சாப்பிடுகிறீர்களா என்றேன். நீங்க என் கட்சிக்காரர் அங்கிள், எதிர்க்கட்சி இல்ல என்று கோபித்துக்கொண்டு, ஜெயித்தால் நாட்டின் சட்டப் புத்தகங்களில் எல்லாம் என் பெயர் வரும் என்றார். கஞ்சா என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என் பெயர் காலத்துக்கும் நிற்பதை யோசித்துப் பார்த்தேன், அதற்கு உள்ளே போய் இருப்பதே மேல் என்று பட்டது. ஆயரிடம் ஆலோசனை கேட்கப் போனேன். அவர் பாவம், செடியின் தண்டைப் பற்றியும் வேரைப் பற்றியும் பிரசங்கம் செய்துவிட்டதால் வெளியே தலைகாட்ட முடியாமல் இருந்தார். அதோடு இன்னொரு தொல்லை. செய்தி வந்த வாரத்திலிருந்து, தலைமுடி தோளில் புரள, கண் சிவந்து, எப்போதும் லேசாகச் சிரித்துக்கொண்டே இருக்கும் இளைஞர்கள் சிலர் சபையில் சேர வந்துவிட்டார்கள். முன்பெல்லாம் காலியாக இருக்கும் முன்வரிசை இப்போது நிறைந்துவிடுகிறது. மண் மட்டும் இருக்கும் வெறும் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, இந்தச் சபையின் உபதேசத்தில் எங்களுக்கு முழு நம்பிக்கை, மாலை ஆராதனை உண்டா என்கிறார்கள். கதவைத் தட்டி வருகிறவனைப் போ என்று எப்படிச் சொல்வது என்று ஆயர் என்னையே கேட்டார். அதில் ஒருவனுக்கு அடிக்குரல் பிரமாதமாக இருக்கிறது, பாடகர் குழுவில் சேர்த்தாகிவிட்டது.

வழக்கு நாள் வந்தது. நீதிபதி ஒரு அம்மையார், கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். என் மகள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வர வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. வேதத்தின் மேல் கை வைத்து உண்மையைச் சொல்வேன் என்றேன். வக்கீல் தம்பி எழுந்து மத சுதந்திரத்தைப் பற்றி ஆவேசமாகப் பேசினார், நன்றாகத்தான் பேசினார், எனக்கே ஒரு நிமிடம் நான் பெரிய தீர்க்கதரிசி போலத் தோன்றியது. நீதிபதியம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, உங்கள் மதத்தில் இந்தச் செடிக்கு என்ன இடம் என்று கேட்டார். தம்பி கண்ணால் ஜாடை காட்டுகிறார். ஆமாம், புனிதம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வழக்கு பெரிய கோர்ட்டுக்குப் போய்விடும், வருஷக்கணக்கில் இழுக்கும், நான் வீட்டில் இருக்கலாம். எனக்கு என் அம்மா கையைப் பிடித்துக் கோயிலுக்குப் போன நாளெல்லாம் ஞாபகம் வந்தது. வேலை கிடைக்காமல் அலைந்தபோதும், மகள் காய்ச்சலில் கிடந்தபோதும் பிடித்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான். அதைக் கொண்டுபோய் ஒரு குருவித் தீனிக்காக அடமானம் வைக்கவா? அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சம்பந்தி, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

“எங்க மதத்துல அந்தச் செடிக்கு ஒரு இடமும் இல்லம்மா. பீடத்துக்குப் பக்கத்துல கொஞ்சம் இடம் இருந்துச்சு, வெச்சோம்,” என்றேன்.

வக்கீல் தம்பி உட்கார்ந்துவிட்டார். பிறகு நான் கடுகு என்று நம்பி நட்டதைச் சொன்னேன். என்ன உத்தியோகம் பார்த்தீர்கள் என்றார் நீதிபதியம்மா. சொன்னேன். கோர்ட்டே சிரித்தது, கதவோரம் நின்ற காவலர் தொப்பியால் வாயை மூடிக்கொண்டார். நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். அப்போது பின்னாலிருந்து கடகடவென்று ஒரு சத்தம். திரும்பினால் என் மனைவி வருகிறாள், தோளில் பெரிய பை, பை நிறைய டப்பா. ஊர் சிரிப்பது பொறுக்கவில்லை போலிருக்கிறது. சிரிக்கிறதுன்னா என்னையும் பார்த்துச் சிரிக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே கூண்டில் ஏறினாள். எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளி எழுந்து, இதெல்லாம் வழக்குக்காக மாற்றி வைத்தது, எந்தக் குடும்பத்திலாவது இப்படி இருக்குமா என்றார். நீதிபதியம்மா என் மனைவியிடம், திறக்காமல் ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று சொல்லச் சொன்னார். மிளகு டப்பாவில் சர்க்கரை, பெருங்காய டப்பாவில் பொத்தான், சோம்பு டப்பாவில் இவரோட பழைய மூக்குக்கண்ணாடி என்று மடமடவென்று சொன்னாள், அத்தனையும் சரி. அந்தக் கண்ணாடியை நான் எத்தனை காலமாகத் தேடிக்கொண்டிருந்தேன் தெரியுமா? எதிர்த்தரப்பு வக்கீல் மறுபடி வாயைத் திறந்தார். நீதிபதியம்மா அவரைப் பார்த்து, உங்க வீட்டுல உப்பு எந்த டப்பாவுல இருக்குன்னு சொல்லுங்க பார்ப்போம் என்றார். அவர் கூரையைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

தீர்ப்பு எனக்குச் சாதகம், சம்பந்தி. என்ன செடி என்று தெரியாமல் வைத்திருந்தவர் மேல் குற்றம் இல்லை, தெரிந்த பிறகும் வைத்திருந்தால் அது யாராக இருந்தாலும், எப்பேர்ப்பட்டவராக இருந்தாலும் குற்றம்தான் என்று நீதிபதியம்மா அழுத்திச் சொன்னார். சபையார் வீடுகளுக்குப் போன விசுவாசக் கன்றுகளை எல்லாம் ஆய்வாளரே வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒன்று மட்டும் கணக்கில் உதைக்கிறது, எங்கே போனது என்று இன்னும் தேடுகிறார்கள். என் மனைவியைக் கேட்டேன், ஊருக்கே கொடுத்தேன், எல்லாம் ஞாபகம் இருக்குமா என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குள் போய்விட்டாள். அது கிடக்கட்டும். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு அப்பாவைப் பார்த்துச் சிரிக்கிற வீடு எனக்கு வேண்டாம்ப்பா என்றாள். சொல்லிவிட்டுத் தொலைபேசி இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். தாங்கள் எத்தனையோ பேருக்கு நியாயம் சொன்னவர். தங்கள் கோர்ட்டில் கஞ்சா வழக்கு என்றால் வக்கீல்கள் அன்றைக்குக் காய்ச்சல் என்று லீவு போடுவார்கள் என்று இங்கேகூடச் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட கண்டிப்பான குடும்பத்துக்கு இப்படி ஒரு சம்பந்தி இழுக்குத்தான். ஆனால் நான் பொய் சொல்லவில்லை, என் பெண் ஒரு தப்பும் செய்யவில்லை. தயவுசெய்து தேதியைத் தள்ளாதீர்கள், தங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் இருவரின் வணக்கமும், மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதமும் உரித்தாகுக. தங்கள் முட்டியும், தூக்கமும், பசியும், சிரிப்பும் இப்போதிருக்கிறபடியே என்றைக்கும் நிலைத்திருக்க ஆண்டவரை வேண்டி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
குற்றமற்றவர் எனத் தீர்ப்பளிக்கப்பட்ட,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: மேற்படி கடிதத்தை மடித்து உறையில் போட்டுப் பசை தடவும்போது என் மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து, யாருக்கு என்று கேட்டாள். சம்பந்திக்கு என்றேன். அப்படியே அந்தச் செடி எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேளுங்க என்றாள். எந்தச் செடி என்றேன். நிச்சயத்துக்கு வந்தபோது சம்பந்தியம்மாளுக்கு அவள் கையால் வர்ணக் காகிதம் சுற்றிக் கொடுத்த கன்றாம். இதை ஏன் இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை என்று கத்திவிட்டேன். சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது மரியாதையா என்று என்னையே திருப்பிக் கேட்கிறாள். இப்போது அது தங்கள் வாசல் கேட்டையும் தாண்டி நிற்கிறது என்று சம்பந்தியம்மாளே தொலைபேசியில் சொன்னார்களாம். கடுகுக் கீரை முட்டிக்கு நல்லது என்று சம்பந்தியம்மாள் தினமும் சாயங்காலம் அதில் ஒரு கைப்பிடி பறித்து, நெய்யில் வதக்கித் தங்களுக்குக் கொடுக்கிறார்களாம். தங்கள் முட்டி, தூக்கம், பசி, செய்திச் சிரிப்பு எல்லாவற்றுக்கும் காரணம் எனக்கு இப்போதுதான் விளங்கியது, ஆண்டவரிடம் சொன்ன நன்றியை என்ன செய்வதென்றுதான் விளங்கவில்லை.

தாங்கள் கலங்க வேண்டாம். இந்தப் பின்குறிப்பைப் படிக்கும்வரை தங்களுக்கு ஒன்றும் தெரியாது, ஆகவே தாங்கள் குற்றமற்றவர். படித்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது, நீதிபதியம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். படித்ததும் வாசலுக்குப் போய் வேரோடு பிடுங்கிவிடுங்கள், சிரிக்காமல் பிடுங்குங்கள், ரோட்டில் போகிறவர்கள் பார்ப்பார்கள். கல்யாணத் தேதியில் இனி மாற்றம் இருக்காது என்று நினைத்து அழைப்பிதழை அச்சுக்குக் கொடுத்துவிட்டேன், மகள் ஓடிப்போய் அச்சகத்துக்குத் தொலைபேசி செய்தாள். வக்கீல் தம்பி பக்கத்திலேயேதான் நிற்கிறார். அவர் எழுதிய மனு புத்தம்புதுசாக அப்படியே இருக்கிறதாம், பெயரை மட்டும் மாற்றினால் போதுமாம். தங்களுக்கு மத சுதந்திரத்தில் நம்பிக்கை உண்டா என்று கேட்டு எழுதச் சொன்னார்.